பேர் மாறிய வண்டி

ஓடுகிற நிலையில் இருந்த காரை ஓட்டாமல், ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சர்வீஸ் சென்டர் வாசலில் நிறுத்தினார் தையல்காரர். தையல் கடையை விற்றுத்தான் அந்தப் பழைய காரையே வாங்கியிருந்தார். கடை போனாலும் அளவு நாடா மட்டும் பழக்க தோஷத்தில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

"என்ன கம்ப்ளைண்ட் சார்?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"ஒண்ணுமில்லைம்மா. இந்த வண்டிக்கு இதுவரைக்கும் என்னென்ன வேலை பார்த்தீங்கன்னு எழுதி வச்சிருப்பீங்களே, அது வேணும். சீல் போட்டு வேணும். இன்னிக்கே வேணும்."

"செகண்ட் ஹேண்டா? இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும் சார்."

"முன்னாடியே வந்தேன். வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் காட்டுவோம்னு அனுப்பிட்டாங்க. நேத்துதான் என் பேருக்கு மாறிச்சு." வண்டிப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சரி, இப்ப என்ன தலை போற அவசரம்? நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்குக் கோர்ட்டும்மா. வக்கீல் கையை விரிச்சிட்டார். எழுத்துல ஏதாவது கொண்டு வந்தாத்தான் உண்டு, இல்லேன்னா முடிஞ்சதுன்னுட்டார்."

நேற்று பேர் மாறிய வண்டிக்கு நாளைக்கே கேஸா, கோர்ட் எப்போதிலிருந்து இத்தனை சுறுசுறுப்பாச்சு என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க மனசு வரவில்லை. எவனோ ஓட்டை வண்டியை நன்றாகத் தலையில் கட்டிவிட்டான், பாவம், மனுஷன் மறுநாளே நாயாக அலைகிறார் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"இதுல இன்னும் பழைய ஓனர் பேர்தான் இருக்கு சார். அவர் போனுக்கு ஒரு நம்பர் போகும். அவர்கிட்ட கேட்டு அதைப் போட்டாத்தான் திறக்கும். அனுப்பட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா!" கவுன்டருக்கு மேலே பாய்ந்து அவள் கையோடு சேர்த்து மவுஸைப் பொத்திவிட்டார். "அவருக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிடுவார். பெரிய இடம். உங்க முதலாளிக்கே வேண்டப்பட்டவர். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அனுப்பிடாதே."

அப்பா வயசு ஆள் காலைப் பிடிக்கிறேன் என்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கையை எடுங்க சார். புத்தகம்தான் உங்க பேர்ல இருக்கே. முதல்ல பேரையும் போன் நம்பரையும் மாத்திடறேன். அப்புறம் உங்க போனுக்கே வந்துடும். யாரையும் கேக்க வேண்டாம்."

சட்டைப் பையில் போன் முனகியது. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். எட்டு என்றார், இல்லை மூன்று என்றார், மறுபடியும் எட்டு என்றார். கடைசியில் அவளே போனை வாங்கிப் பார்த்துப் போட்டாள்.

திரை திறந்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

"சார்... சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நல்லா ஏமாந்துட்டீங்க. இது ஆக்சிடென்ட் வண்டி. முன்பக்கம் முழுசா மாத்தியிருக்கு. ஆளை அடிச்ச வண்டி சார் இது."

தையல்காரர் அசைந்துகொடுக்கவில்லை. "அது கிடக்கட்டும். அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கு? அதைப் பாரு."

இதைவிட என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. மேலே தள்ளிப் படித்தாள். "பிரேக் சரியாப் பிடிக்கலை, ஓட்டவே பயமா இருக்குன்னு டிரைவர் சொல்றார். இப்படித்தான் போட்டிருக்கு. வர்றவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதறதுதான் இங்க வழக்கம்."

"மறுபடி படிம்மா."

மறுபடி படித்தாள். அவர் உதடும் கூடவே அசைந்தது.

"அப்புறம்?"

"மாத்தியே ஆகணும்னு நாங்க சொல்லியிருக்கோம். ஓனர் போன்ல, இப்ப ஒண்ணும் வேண்டாம், அப்படியே எடுத்துட்டு வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டாராம். அதுவும் இருக்கு. அடுத்த வாரமே அடிச்சிருக்கு."

தையல்காரர் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இத்தனை மோசமான வண்டியை வாங்கிவிட்டு ஒருத்தர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"முதல்ல தண்ணி குடிங்க சார். ஒண்ணும் ஆயிடலை."

அவர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. அவள் எல்லாவற்றையும் அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்தி, மேனேஜர் வெளியே வருவதற்குள் உறையில் போட்டு அவர் கையில் திணித்தாள். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இனிமே கவலைப்படாதீங்க. கேஸ் உங்க பக்கம்தான். வண்டியை அந்த ஆள் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டுப் பணத்தை வாங்கிடலாம். சும்மா விட்டுடாதீங்க சார்."

தையல்காரர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"தூங்கிக்கிட்டே ஓட்டி ஆளைக் கொன்னுட்டான்னு உள்ளே வச்சிருக்காங்களே, அந்த டிரைவர் என் பையன்மா."