இருவரும் இருக்கிற ஒரு படம்

"இதுல நீ எங்கம்மா இருக்க?"

வக்கீலம்மா என் கைப்பேசியைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பார்க்க பவர் கூடியிருக்கிறது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் நான். எந்தத் துக்கத்திலும் இது மட்டும் கண்ணில் பட்டுவிடும்.

"எடுத்தது நான் மேடம்."

"எடுத்தவள கோர்ட்டு கேக்காதும்மா. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு போதும்."

ஆறு வருஷத்தில் ஒன்று.

மேசைமேல், எங்கள் நோட்டீசுக்கு அவன் அனுப்பிய பதில் கிடந்தது. நாங்கள் இருந்த, இப்போது அவன் பூட்டு மாற்றியிருக்கிற வீட்டின் பின்னறையில் நான் எப்போதாவது வந்து தங்குவேனாம். மற்றபடி, 'எனக்குக் கண்ணாடி செய்து கொடுத்த கடைப்பெண் என்ற முறையில் மட்டுமே பழக்கம்.'

ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

தாலியோ கையெழுத்தோ இல்லாவிட்டாலும், புருஷன் பெண்டாட்டியாகத்தான் அங்கே வாழ்ந்தோம் என்று காட்ட வேண்டும். காட்டினால் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். இல்லாவிட்டால் நான் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான் ஆறு வருஷம் இருந்துவிட்டேன்.

வீடு அவன் பெயரில். கரண்ட் பில் அவன் பெயரில். எனக்கு வரும் கடிதமெல்லாம் பழைய விடுதி முகவரிக்கே போயிற்று. 'மாத்திக்கலாம், என்ன அவசரம்' என்பான். வெளியூர் போகும்போதெல்லாம் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு அக்கா, போன வாரம், 'எங்களுக்கு எதுக்கும்மா வம்பு' என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சேர்ந்து படம் எடுப்பதில்லை என்பதும் அவன் போட்ட விதிதான். அவன் அம்மா கைப்பேசியை நோண்டுவாராம். கல்யாணத்தன்று எடுத்துக்கொள்ளலாம், முதல் படமே அதுவாக இருக்கட்டும் என்றான். அது எனக்கு அழகாகப் பட்டது. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். படித்தவள் ஏமாந்தால் அதில் ஒரு நேர்த்தி இருக்கும்.

கைப்பேசியை வாங்கிப் படங்களை மேலே தள்ளிக்கொண்டே போனேன்.

நாற்காலிமேல் ஏறி மின்விசிறியைக் கழற்றுகிறான். வாயில் இரண்டு ஸ்குரூ.

என் வேலைக்கான வெள்ளைக் கோட்டில் பொத்தான் தைக்கிறான். ஊசியில் நூல் கோத்தது நான், தைத்தது அவன்.

தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறைக் கதவிடுக்கில் நிற்கிறான், ஒற்றைக் கண் மட்டும் திறந்து. குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான், அதைக் கீழே வைத்துவிட்டு முதலில் படம்தான் எடுத்தேன். அன்று முழுக்க 'கொலைகாரி' என்றுதான் கூப்பிட்டான்.

பார்க்கப் பார்க்கக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அதுதான் கோபமாக இருந்தது.

"நல்லாத்தான் எடுத்திருக்க," என்றார் வக்கீலம்மா. "கல்யாணத்துக்குத் தனியா ஆள் வைக்கவே வேணாம்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆறு வருஷமும் தீர்ந்தது. எல்லாவற்றிலும் அவன்தான் இருந்தான்.

கைப்பேசியை அணைக்கப் போனபோதுதான் 'கடை' என்று நான் தனியாக வைத்திருந்த படங்கள் ஞாபகம் வந்தன. புதுக் கண்ணாடி போட்டவுடன் ஃபிரேம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, முகத்தருகே போய் ஒரு படம் எடுப்போம். யார் யாருடையவோ மூக்குகள். நடுவே அவன்.

இரண்டாம் வருஷம். கண்ணாடி வாங்கக் கடைக்கு வரச் சோம்பல்பட்டான் என்று நானே எடுத்துப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தூங்கி எழுந்தவன் மூக்கில் மாட்டிவிட்டு, தொழில் பழக்கத்தில் எடுத்தேன். அதே பழக்கத்தில் கடைப் படங்களோடு போட்டுவிட்டேன்.

இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.

அவன் கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் ஜன்னல் வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவே, நகத்தளவில், ஈரத்தலையில் துண்டு சுற்றி, அவனுடைய கட்டம் போட்ட சட்டையில், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். எனக்குப் பின்னால் மடிக்காத போர்வை. இரண்டு தலையணை.

வக்கீலம்மா மேசை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடியையே எடுத்துவிட்டார்.

"தேதி இருக்கா?"

"இருக்கு மேடம்."

"இப்ப சொல்லட்டும், கடைப்பொண்ணுன்னு." பேப்பரில் வேகமாக ஏதோ எழுதினார். சட்டென்று நிமிர்ந்து, தன் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னுதுல எதிர்ல இருக்கறது ஒண்ணும் இப்படித் தெரியலையே?"

"உங்களுது க்ளேர் அடிக்காத கோட்டிங் போட்டது மேடம். அது போட்டா எதிர்ல இருக்கறது தெரியாது. கடைக்கு வர்ற எல்லாருக்கும் போடச் சொல்லிருவோம்."

"அவனுக்கு ஏன் போடல?"

"மறந்துட்டேன்" என்றேன்.

மறக்கவில்லை. அவனே கேட்டான், எனக்கு மட்டும் ஏன் இல்லையென்று. உன் மூஞ்சிக்கு இது போதும் என்று சிரித்து மழுப்பினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போய்விடும். முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். அப்போதெல்லாம் பேச்சை நிறுத்தாமல், அவன் கண்ணாடியைப் பார்ப்பேன், எதிரில் நான் இருக்கிறேனா என்று.

இருந்தேன்.