நானூறு மீட்டர்

ஓட்டம் முடிந்த கையோடு பி.டி. டீச்சர் நர்மதா, தூரம் அளக்கிற டேப்பைக் கொண்டுவரச் சொன்னதும் ராமாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் கயல்விழி சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நானூறு மீட்டரை அறுபத்தாறு விநாடியில் ஓடியிருந்தாள். பள்ளிக்கூடத்து ரெக்கார்டு அறுபத்தைந்து. ஒரே ஒரு விநாடியில் போச்சு.

அந்த ரெக்கார்டு யாருடையது என்கிறீர்கள்? இதே நர்மதா டீச்சருடையதுதான். இங்கே படித்தபோது ஓடியது. இருபத்திரண்டு வருஷமாகப் பலகையில் அந்தப் பேர்தான், கிட்ட நெருங்கினவள்கூடக் கிடையாது. நூற்றாண்டு விழாவில் மகள் பேர் ஏறிவிடும் என்று தறிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் ராமாத்தாள்.

டீச்சரோ மைதானத்தையே சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருந்தார். தன் ரெக்கார்டு தப்பித்தது போதாதாம், பிள்ளை முழுசாக ஓடினாளா என்று சந்தேகம் வேறு. இவளெல்லாம் ஒரு டீச்சரா? ராமாத்தாள் நேரே போய் டீச்சர் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ள தோத்தது பத்தாதுங்களா? ஓடுன தூரத்துலயும் குறை கண்டுபுடிக்கோணுமா?"

"சித்த இருங்க்கா." டீச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சுற்றுக்கு இருநூறு. இரண்டு சுற்றுக்குச் சரியாக நானூறு. ஒரு சாண்கூடக் குறையவில்லை.

டீச்சர் பெயின்ட் டப்பாவோடு பலகைக்குப் போனார். தன் பேரைப் புதுப்பிக்கப் போகிறாளாக்கும் என்று ராமாத்தாள் பல்லைக் கடித்தாள். மேடையிலிருந்து தலைமையாசிரியர் சின்னுசாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். விழா மலரில் எல்லாம் அச்சாகிவிட்டது, பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வேண்டாம் டீச்சர் என்று கெஞ்சினார்.

"பாக்கட்டுங்க சார்."

தன் பேரின் மேலேயே கறுப்பைப் பூசினார் டீச்சர்.

"மலருக்காகப் பழைய நோட்டைப் புரட்டுனேனுங்க. நான் ஓடுன வருஷம் தண்ணித் தொட்டி கட்டுறாங்கன்னு கோட்டை உள்ள தள்ளிப் போட்டிருக்காங்க. நான் ஓடுனது முந்நூத்தி எண்பது மீட்டர்தான். சொன்னா, அதெல்லாம் இப்ப எதுக்குன்னுட்டாரு சார்."

வெள்ளையைத் தொட்டு, கயல்விழி, 66 என்று எழுதினார்.

ராமாத்தாள் பலகைக்குக் கிட்டத்தில் வந்தாள். "அப்பறம் எதுக்குங்க டீச்சர் இன்னைக்கு அளந்தீங்க?"

"நாளைக்கு இவ பேரை யாரும் இப்படி அழிக்கக் கூடாதில்லீங்க்கா."