ஆலங்கட்டி போடாத ஒடுக்கு

"இவனை எதுக்குய்யா இங்க சேத்த?"

காரை விட்டு இறங்குவதற்குள் லிங்கம் போட்ட சத்தத்தில், பந்தல்குடி ரோட்டில் போன மாட்டுவண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

டிங்கர் பட்டறை வீரணன் மரச்சுத்தியைக் கீழே வைத்தான். "வாங்க மொதலாளி. யாரைச் சொல்றீக?"

"அந்தா நிக்கிறானே ரத்தினம், அவனைத்தான்!"

நசுங்கிப்போன பஸ் மட்கார்டுக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ரத்தினம் எழுந்து நின்றான். பரளச்சிப் பக்கத்துக் கூலிக்காரன் மகன். போன மாசம் வரைக்கும் லிங்கத்துக்குக் கார் ஓட்டியவன்.

அவனைப் பார்க்கப் பார்க்க லிங்கத்துக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்து வாங்கின அம்பாசடர். போன மாசம் பெய்த ஆலங்கட்டி மழையில் அதன் கூரையும் பானட்டும் அம்மை வார்த்த மூஞ்சியாகிவிட்டது. அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. ஷெட்டு என்று ஒன்று இருக்க, கார் தெருவில் நின்று அத்தனை கட்டியையும் வாங்கியிருக்கிறது. ஏண்டா வெளியே விட்டாய் என்று கேட்டால், "தப்புத்தான் மொதலாளி." அதுக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை பய. அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டார்.

நேற்றுத்தான் சௌடேஸ்வரி அம்மன் திருவிழா முடிந்தது. நெற்றியில் குங்குமம்கூட அழியவில்லை, காரைத் தட்டி எடுக்கலாம் என்று வந்தால் இங்கேயும் இவன்.

"நல்லா வேலை பாக்குறான் மொதலாளி," என்றான் வீரணன்.

"பாப்பான், பாப்பான். சோறு போட்டவன் வயித்துலயே அடிச்ச கை அது. என் வண்டில படக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

"சரி, நானே பாக்குறேன்."

வீரணன் ஒவ்வொரு ஒடுக்காகத் தடவிக்கொண்டே வந்தான். கூடவே எண்ணெய்ச்சட்டியில் விழுந்த கடுகாகப் பொரிந்துகொண்டே வந்த லிங்கம், பின்பக்க மட்கார்டுக்கு வந்ததும் நின்றார். அங்கே நீளமாக ஒரு ஒடுக்கு. அதில் பச்சைப் பெயிண்டு ஒட்டியிருந்தது.

பச்சை! அவர் வீட்டு ஷெட்டுத் தூணுக்கு அடித்த பச்சை!

அப்படியென்றால் கார் உள்ளேதான் நின்றிருக்கிறது. அதை வெளியே எடுக்கும்போது தூணில் இடித்திருக்கிறான்.

"அடப்பாவி! பத்திரமா உள்ள நின்ன வண்டியை வேணும்னே மழையில இழுத்துவிட்டியாடா? அப்படி என்னடா ஒனக்கு நான் கெடுதல் பண்ணேன்?"

ரத்தினம் தலையைக் குனிந்தான். "தப்புத்தான் மொதலாளி."

"மறுபடியும் அதே பாட்டு! ஏய் வீரணா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. இவன் இங்க இருந்தா என் கார் வராது, லாரி வராது. எங்க ஆளுக வண்டி ஒண்ணுகூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

"பிள்ளகுட்டிக்காரன் மொதலாளி..."

"எனக்கு மட்டும் பிள்ளகுட்டி இல்லையா?"

வீரணன் முகம் செத்துப்போனது. "நான் என்னப்பா செய்ய ரத்தினம்?" என்றான் தரையைப் பார்த்து.

ரத்தினம் கையைத் துடைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள் பஞ்சம்மாள். லிங்கத்தின் தெருக்காரி, அவர் தரும் நூலில் நெய்கிறவள். லிங்கத்தின் நேர்த்திக்கடனுக்காக அம்மனுக்கு இந்த வருஷம் சேலை நெய்ததும் அவள்தான். 'வேத்தாள் கை படாத சேலை' என்று அவர் நேற்றுக் கோயிலில் மார்தட்டிக்கொண்டது அதைத்தான்.

வந்தவள் நேரே ரத்தினத்திடம் வாளியை நீட்டினாள். "இந்தா தம்பி, அம்மன் பிரசாதம். சட்டையை ஏன் எடுத்த? எங்க கெளம்பிட்ட?"

"வேலையில்லக்கா," என்றான் அவன்.

லிங்கம் வீட்டுப் பாஷையான கன்னடத்தில் பல்லைக் கடித்தார். இந்தப் பயலுக்கு எதுக்குப் பிரசாதம் சுமந்துகொண்டு வருகிறாய் என்று கேட்டார்.

பஞ்சம்மாள் பட்டறைக்கே கேட்கும்படி தமிழில் பதில் சொன்னாள்.

"எதுக்கா? அன்னிக்கு அம்மன் சேலைக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கிட்டு இருந்தேண்ணே, உங்க வீட்டு வாசல்ல. சடசடன்னு கட்டி விழுந்துச்சு. அவுகவுக பாவைத் தூக்கிக்கிட்டு அவுகவுக ஓடுனாக. நான் தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தர் வரல. இந்தத் தம்பிதான் ஷெட்டுல எடம் பண்ணக் காரை வெளிய தள்ளிட்டு, பாவைச் சுருட்டி ஷெட்டுக்குள்ள கொண்டுபோட்டுச்சு."

லிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இவனா... அம்மன் சேலைப் பாவைத் தொட்டான்?"

"தொடாம எப்படிண்ணே தூக்குறது? தெரிஞ்சா நீங்க தீட்டுன்னு பாவைத் தூக்கி எறிவீக, எனக்கும் இனிமே நூல் தரமாட்டீக. அதுக்குப் பயந்து நான்தான், அம்மனுக்குச் சாத்துற வரைக்கும் வாயைத் திறக்காத தம்பின்னு கும்பிட்டேன். எனக்காகப் பொழப்பையே விட்டுட்டு வந்து நிக்கிது. நாந்தேன் பாவி!"

"அடியே, அம்மனுக்குப் போயி... இவன் கை பட்ட சேலையவா..." லிங்கத்தின் கை தானாக நெற்றிக் குங்குமத்துக்குப் போனது.

பஞ்சம்மாளுக்கு வந்ததே கோபம்!

"ஆமா, அந்தச் சேலையத்தான் அம்மன் நேத்துப் பொழுதுக்கும் கட்டிக்கிட்டு நின்னா. அவளுக்கே ஆன கை, ஒங்க காருக்கு ஆகாதாக்கும்?"