நீல மூடி

அவன் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஓர் உதை விட்டான்.

எதிரி துப்பாக்கியைத் தூக்கிய நேரம் பார்த்துத் திரை உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது விளையாட்டில் இவன்தான் செத்துக் கிடந்தான். காலையிலிருந்து இதே கதை. கூட விளையாடுகிறவர்கள் ஹெட்போனுக்குள் சிரித்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான்.

இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

எதை மாற்றுவது? ஹார்ட் டிஸ்கைக் கடாசிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பெட்டி சீக்கிரம் எழுந்துகொள்ளும். எழுந்து என்ன கிழிக்கப்போகிறது? ராம் மெமரியைக் கூட்டலாம். பிராசசரை மாற்றினால் மதர்போர்டையும் மாற்றச் சொல்வார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கிளம்பும், பழைய வீட்டை மராமத்து பார்ப்பது மாதிரி.

சுற்றி வளைப்பானேன். குற்றவாளி யார் என்று அவனுக்குத் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டின் படங்களை வரைந்து தள்ள வேண்டியது அதுதான். அதை அவன் தலையில் கட்டியது தங்கை புருஷன் புகழேந்தி.

புகழேந்தி தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அவனிடம் விற்றான். வந்து மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னான். நான் பார்க்காத கம்ப்யூட்டரா என்று மறுத்துவிட்டு அவன் தானே மாட்டிக்கொண்டான். மாட்டிய பிறகும் படம் திக்கித் திக்கித்தான் ஓடியது. போனில் கூப்பிட்டுக் கேட்டான். பதிலுக்குப் புகழேந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“மச்சான், மானிட்டர் ஒயர எதுல சொருகியிருக்கீங்க?”

சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. அதுவும் போன் ஸ்பீக்கரில் இருக்கும்போது, பக்கத்தில் மனைவி சுகன்யா நிற்கும்போது. ஏமாற்றியதும் இல்லாமல் நக்கல் வேறு. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தான்.

அன்றோடு தங்கை வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை.

தங்கை யாழினியின் மகள் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இருக்கிறான், மடிதான் வரமாட்டேன் என்கிறது. யாழினி நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருக்கிறாள். புகழேந்தி வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருந்தான்.

கேட்கமாட்டான். திமிர் பிடித்தவன்.

பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தான். கார்டு மாட்டிய நாளிலிருந்து முதுகைச் சுவருக்குக் காட்டியே நின்ற பெட்டி. திருப்பி வைத்துத் தூசியை ஊதினான். பாதி அவன் கண்ணிலேயே விழுந்தது. அந்தச் சனியனைப் பிடுங்கிப் பார்சல் கட்டி, அது வந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். கரித்துக் கொட்டி நாலு வரியும் எழுதி உள்ளே வைக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவரை வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

கார்டில் ஒயர் சொருகுகிற மூன்று வாய்களும் மூடியிருந்தன. நீல ரப்பர் மூடிகள். தூசி போகாமல் இருக்கப் புகழேந்தி போட்டுக் கொடுத்தவை. ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை.

மானிட்டர் ஒயர் அவற்றுக்கு மேலே, மதர்போர்டில் இருந்தது. கார்டு வருவதற்கு முன்பு எந்த ஓட்டையில் இருந்ததோ, அதே ஓட்டையில்.

கார்டு இத்தனை நாளும் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அவனுக்குக் காது மடல் சுட்டது.

ஒரு மூடியைப் பிடுங்கினான். ஒயரை அங்கே மாற்றிச் சொருகினான். விளையாட்டைத் திறந்தான்.

படம் வழுக்கிக்கொண்டு போனது. புல் தனித்தனியாக அசைந்தது. அந்த இடத்தில் புல் இருப்பதே அவனுக்கு இன்றுதான் தெரியும். எதிரி வந்தான், துப்பாக்கியைத் தூக்கினான், செத்து விழுந்தான். பின்னால் வந்தவனும் விழுந்தான்.

அவன் வாய்விட்டுக் கத்தினான். அப்படியொரு சந்தோஷம்.

கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு புகழேந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. விஷயம் தெரிந்தால் அந்த முகம் சிரிக்காது. சிரித்தாலாவது சண்டை போடலாம். ‘பரவால்ல மச்சான், விடுங்க’ என்று சொல்லும். அதை எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது?

கூடத்தில் காலடிச் சத்தம்.

ஒயரை உருவினான். பழைய ஓட்டையில் சொருகினான். திரை ஒரு நொடி இருண்டது, வெளிச்சம் வந்ததும் பழையபடி திக்கத் தொடங்கியது. மூடியைத் தேடினான். மேசையில் இல்லை. மடியிலும் இல்லை.

சுகன்யா போனோடு வந்து நின்றாள்.

“யாழினி பேசுறா. வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்காம். உங்க மடி கிடைக்குமா கிடைக்காதான்னு கேக்குறா.”

“அவன் குடுத்தது குப்பைன்னு சொல்லு. புதுசு வாங்கப் போறேன்னு சொல்லு. அவன மொதல்ல வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு.”

அவள் போகவில்லை. திரையைப் பார்த்தாள். முதுகைக் காட்டி நின்ற பெட்டியைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவன் நாற்காலிக் காலருகே கிடந்த எதையோ எடுத்தாள்.

நீல மூடி. நகத்தளவுதான் இருந்தது.

அதைக் கீபோர்டின் மேல், அவன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஒயர எதுல சொருகியிருக்கீங்க?”

அவன் நிமிரவில்லை. திரையில் எதிரி துப்பாக்கியைத் தூக்கியபடி உறைந்து நின்றான்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் குழந்தை மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது.