கென்டக்கிக்காரருக்கு உலை ஏது

மேடையில் அவன் மனைவி இன்னொருவனுடைய வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் எழுதிக் கொடுத்ததை எல்லாம் இத்தனை வருடமும் கண்ணைத் திறந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறாள்.

ஒகையோவில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். தமிழ் மன்றத்தின் சித்திரை விழா. அமெரிக்கப் பாடலாசிரியர்களில் தலைசிறந்தவர் யார் என்று பட்டிமன்றம். மாமியாரா மருமகளா என்று கேட்டுக் கேட்டு மன்றத்துக்கே அலுத்துப்போயிருந்தது. ஊரிலிருந்து விமானத்தில் வரவழைத்த நடுவர் அமெரிக்கப் பாட்டு ஒன்றைக்கூட வாழ்நாளில் கேட்டதில்லை. அதனால் அவருடைய நடுநிலையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நியூயார்க் நாடகப் பாட்டுக்காரருக்காகப் பல் டாக்டர் ஒருவர் முழங்கினார். ராப் பாட்டுக்காக வங்கி அதிகாரி ஒருவர் தொப்பியைப் பின்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏழைகளின் வலியைப் பற்றிப் பேசினார். அவருடைய கார் வெளியே இரண்டு கார்களின் இடத்தில் நின்றிருந்தது.

அவளுக்குக் கென்டக்கிக்காரர். செத்துப்போன கிழவர். கிட்டாரும் இருமலுமாக வாழ்ந்தவர்.

சீட்டுக் குலுக்கலில் விழுந்ததுதானே என்று அவன் ஆறுதலாக இருந்தான். வங்கி அதிகாரிக்கு வந்த சீட்டை அவளே கேட்டு மாற்றிக்கொண்டாள் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது.

வீட்டில் கொஞ்ச காலமாகவே அந்தக் கிழவர்தான். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, காரில். அவன் ஏதாவது கேட்டால் ஒரு காதுக் கருவியை மட்டும் கழற்றுவாள். இன்னொரு காதில் கிழவர் பாடிக்கொண்டிருப்பார்.

வழக்கமாக அவளுடைய பேச்சை அவன்தான் எழுதுவான். இந்த முறை வேண்டாம் என்றுவிட்டாள்.

அவன் கவிஞன். மன்ற மலரில் அப்படித்தான் போடுவார்கள். விழாவின் வரவேற்புப் பாட்டும் அவனுடையது. அதில் நிலா வரும், கரும்பு வரும், ஈரி ஏரிக்குள் காவிரி வந்து பாயும்.

இப்போது அவள் கிழவரின் பாட்டைத் தமிழில் சொன்னாள்.

இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.

நீ போய்விட்டதை

மிஞ்சிய சோறு சொன்னது.

சமோசா தின்னும் சத்தம் அரங்கில் நின்றுபோனது.

குறை கண்டுபிடிப்பதற்காக அவன் அதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். ஒரு சொல்லை நகர்த்த முடியவில்லை.

கென்டக்கிக்காரருக்கு உலை ஏது?

அந்தப் பாட்டை அவனும் காரில் கேட்டிருக்கிறான். அதில் கிழவர் காப்பி போடுவார், அழுவார், ரயிலேறுவார். அவ்வளவுதான்.

உலை அவளுடையது. சோறு அவளுடையது. அது மிஞ்சியதும், வாய் திறந்து சொன்னதும் அவளுடையவை.

கிழவர் மேல் இருந்த பொறாமை எழுந்து இடம் மாறி உட்கார்ந்தது. கிழவரையாவது, செத்தவர் என்று மன்னித்துவிடலாம்.

நடுவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேருமே தலைசிறந்தவர்கள் என்று துணிந்து தீர்ப்பளித்தார். ஆனால் இந்தப் பாட்டைத் தமிழாக்கிய கையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்றார். வீட்டிலேயே ஒரு கவிஞரை வைத்திருக்கும் அம்மாவுக்கு வேறென்ன குறை என்றும் கேட்டார்.

கவிஞர் ஒகையோவாணன் மேடைக்கு வர வேண்டும்.

கைதட்டல். எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின.

அவள் கையில் இன்னும் மைக் இருந்தது. அவள் அவனையே பார்த்தாள்.

அவளுடையது என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லிவிடத்தான் எழுந்தான். எழுந்ததும் கைகள் தாமாகக் குவிந்தன. நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டன. கால்களும் படியேறிவிட்டன.

நடுவர் பொன்னாடையைப் பிரித்தார். பிரித்தவருக்கு ஒரு யோசனை. அதை அவளிடம் நீட்டினார். துணைவியார் கையால் போர்த்துவதுதான் அழகு என்றார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டாள்.

கேமராக்காரர் ஒரு காலில் மண்டியிட்டுத் தயாரானார்.

அவன் உயரம். அவளுக்கு எட்டவில்லை.

"கொஞ்சம் குனிங்க," என்றாள்.