மேல் இடது மூலை

விசிறி வீட்டின் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

வாசலில் கதவு இல்லை. கதவின் இடத்தில் இறுக்கிக் கட்டிய சிவப்புத் துணி. துணியின் நடுவே அந்த விசிறி. மற்ற எல்லாம் மூடியிருந்தது. பதினோரு ஜன்னல்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்பு ஒட்டுநாடா.

கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. பைக்குள் விட்டான். எடுத்தான்.

காற்றுக் கசிவை அளக்கும் திரையில் எண் நின்றது.

0.64.

0.6க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ ஓர் ஓட்டை. நோர்வேயின் குளிருக்கு ஊசி நுழையும் இடம் போதும்.

மேற்பார்வையாளர் ஓட்வார் பேனா போன்ற ஒரு குழலைப் பற்றவைத்தார். அதன் நுனியிலிருந்து நூலாகப் புகை எழுந்தது. அதைப் பிடித்தபடி ஜன்னல் ஜன்னலாக நடந்தார்.

வரவேற்பறை. புகை நேராக நின்றது.

படுக்கையறை. நின்றது.

அவன் சமையலறையைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

ஐந்து மாதமும் இருபது நாளும். ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் கிளிநொச்சியில் இருக்கும் மனைவிக்கு விசா கேட்கலாம். ஆனால் மூன்று பிழைகள் பதிவானால் நிரந்தரம் கிடையாது.

இரண்டு பதிவாகிவிட்டன. முதல் பனியில் நாடாவை இழுத்து ஒட்டியது ஒன்று. உருளையால் அழுத்த மறந்தது மற்றொன்று.

ஒவ்வொரு வீடு தொடங்கும்போதும் அவள் தொலைபேசியில் அதையே சொல்வாள்.

“ஆர் இருக்கப்போற வீடோ, நல்லா இருக்கட்டும். ஒரு பொட்டு பூசிப்போட்டுத் தொடங்குங்கோ.”

கொப்பித் தாளில் மடித்து அவள் அனுப்பிய திருநீறு எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். வழக்கமாக வாசல் நிலையில் பூசுவான். இந்த வீட்டுக்கு நிலை வரத் தாமதமானது. அதனால் கிழக்கே பார்த்த சமையலறை ஜன்னலைத் தேர்ந்தெடுத்தான். சட்டத்தை அடுத்த வெறும் மரத்தில், மேல் இடது மூலையில், மூன்று விரல்.

நாடா அவ்வளவு தூரம் வராது என்று நினைத்தான்.

அந்த ஜன்னலை ஒட்டியவர் அவனோடு வேலை செய்யும் குகண்ணை. அன்றைக்கு அவர் அகல நாடாவை எடுத்திருந்தார்.

சமையலறை.

புகை நேராக எழுந்தது. மூலைக்கு வந்ததும் வளைந்தது. பிறகு அறைக்குள் சிதறியது.

ஓட்வார் அந்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். நாடாவின் கீழே பென்சிலில் இருந்த எழுத்தைப் படித்தார். ஒட்டியவர் தன் பெயரின் முதலெழுத்தை இட வேண்டும் என்பது இங்கே முறை.

குகநாதன் என்ற குகண்ணையின் எழுத்து.

குகண்ணை ஏணியில் ஏறினார். இருபது வருடமாக இந்த வேலை. அவர் பெயரில் ஒரு பிழையும் பதிவானதில்லை.

“நான் இப்பிடி ஒட்டுற ஆளில்லையே” என்று முணுமுணுத்தபடி நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

இழுக்கவே தேவையிருக்கவில்லை. அது தானாகவே வந்தது.

பசைப் பக்கத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள்.

அவர் கோடுகளைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற அவனைப் பார்த்தார்.

“சாமிக்கும் குளிருமெண்டு உள்ளுக்க வச்சு மூடினனியோ?”



என்ன அது என்று ஓட்வார் கேட்டார். தூசி என்று குகண்ணை நோர்வே மொழியில் சொன்னார். உரித்த நாடாவை அவனிடம் நீட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

“பேசாமல் நில். எனக்குக் கண் மங்கிப்போச்செண்டு சொல்லுறன். என்னை என்ன செய்யப்போறாங்கள்?”

அவன் நாடாவைப் பைக்குள் திணித்துவிட்டு மரத்தை ஈரத் துணியால் துடைத்தான். காயவிட்டான். மறுபடி துடைத்தான். குகண்ணை புது நாடாவை ஒட்டினார். அவன் உருளையால் அழுத்தினான். ஒரு தடவை. இரண்டு. ஐந்து. போதும் என்று ஓட்வார் கையைக் காட்டும் வரை அழுத்தினான்.

மறுபடி விசிறி.

0.61.

0.59.

0.58. அங்கேயே நின்றது.

ஓட்வார் விசிறியை நிறுத்தினார்.

அவன் இப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. வெளியே பிர்ச் மரங்கள் ஆடுவது கண்ணாடி வழியே தெரிந்தது. சத்தம் இல்லை. உள்ளே அவன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

ஓட்வார் கைத்திரையை எடுத்தார். அளவு. தேதி. அறை. விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. பிழை யாருடையது?

குகண்ணை தொண்டையைச் செருமினார்.

பேசாமல் நின்றால் போதும். ஒரு நிமிடம். அதற்குப் பிறகு பத்தே நாள்.

“நான்.”

இந்த நாட்டு மொழியில் அவன் முதலில் கற்ற சொல் அது.

ஓட்வார் நிமிர்ந்தார். பென்சில் எழுத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இன்னொரு முறை எழுத்தைப் பார்த்தார்.

“விசரன்” என்றார் குகண்ணை, யாரையும் பார்க்காமல்.

ஓட்வாரின் விரல் திரைக்கு மேலே நின்றது. தொடவில்லை.

அவன் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. கிளிநொச்சியில் இப்போது இருட்டியிருக்கும். சோதனை முடியும் நேரத்தை அவளிடம் சொல்லியிருந்தான்.

எடுக்கப் போனான்.

பைக்குள் இருந்த அந்த நாடா உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கையை உதறினான். விடவில்லை. மறுகையால் இழுத்தான். தோலும் சேர்ந்து இழுபட்டது, ஆனால் நாடா விடவில்லை.

தொலைபேசி நின்றது.

பிறகு மறுபடி அதிரத் தொடங்கியது.