வெய்க்கோ வாரிய பனி

"பாத்தி மேல கிடந்த பனியை என்னப்பா பண்ணினே?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கெர்ட்டு கேட்டதும் வெய்க்கோவின் முகத்தில் பெருமை பொங்கியது. "குளிர்காலம் பூரா வாரிட்டேன் அக்கா. ஒரு பிடி தங்க விடலை. இந்தத் தெருவுலேயே என் முற்றம்தான் துப்புரவு."

கெர்ட்டு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மே மாதம் முடியப் போகிறது. கெமி ஊரில் எல்லார் தோட்டத்திலும் பழைய வேர்களிலிருந்து சிவப்பும் பச்சையுமாக முளை கிளம்பிவிட்டது. வெய்க்கோ வீட்டில் மட்டும் வெறும் மண். வருஷா வருஷம் தானாக எழுந்து வருகிற செடிகள் இந்த வருஷம் ஏன் இப்படித் தூங்குகின்றன என்று விசாரிக்கத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

கெர்ட்டு ரப்பர் பூட்ஸோடு வந்து குனிந்து, விரலால் மண்ணைக் கிளறினாள். வேர் குழைந்துபோன உருளைக்கிழங்குபோலக் கையோடு வந்தது.

"இது தூங்கலை, செத்துப்போச்சு. பனிதான்ப்பா இதுக்கெல்லாம் போர்வை. மைனஸ் முப்பத்தஞ்சுல போர்வையை உருவிட்டியே."

வெய்க்கோ சாவ்னா என்கிற நீராவிக் குளியலறையின் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதர். போட்ட திருகாணி போட்ட இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. தோட்டம் முழுக்க முழுக்க மனைவி ஐலியின் ராஜ்யம். பாதையில் பனி வாருவது ஒன்றுதான் இவர் வேலை. அதையும், "வாரினதைப் பாத்தி மேலயே கொட்டு" என்று நாற்பத்தொரு வருஷமாக விரட்டி விரட்டிச் சொல்வாள். ஏன் என்று சொன்னதில்லை. சோம்பேறித்தனம் என்று இவர் மனசுக்குள் நினைத்துக்கொள்வார்.

போன அக்டோபரில் ஐலி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இரண்டு ஆபரேஷன். இப்போது ஹெல்சிங்கியில் மகள் வீட்டில் இருந்துகொண்டு திரும்ப நடக்கப் பழகுகிறாள். அவள் இல்லாத நேரத்தில் முற்றத்தைப் பளிச்சென்று வைத்து அசத்திவிடலாம் என்று நினைத்ததுதான் வெய்க்கோ செய்த குற்றம்.

நேற்றுகூடப் போனில் சொல்லியிருந்தாள், அடுத்த மாதக் கடைசியில் வரும் கோடைத் திருநாளுக்கு வந்துவிடுவாளாம். பியோனி மொட்டு விட்டிருக்கும், அதைப் பார்க்கத்தான் இந்த வலியோடு நடக்கிறாளாம். அந்தப் பியோனிப் பூச்செடி, இவர்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது.

"அவகிட்ட என்னன்னு சொல்லுவேன் அக்கா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

கெர்ட்டு தன் வீட்டுக்குப் போய், மஞ்சள் பந்துப்பூச் செடியை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து பாதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பியோனி தோய்வோ வீட்டுல இருக்கு. நீலப்பூ பாதிரியார் வீட்டுல. மத்ததும் இந்தத் தெருவுலேயே இருக்கு. போய்க் கேளு."

வெய்க்கோ அடுத்த வீட்டில் உப்புகூடக் கேட்டறியாதவர். கூச்சத்தில் காது மடல் சிவக்க, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினார். ஆச்சரியமாக, போன ஏழு வீட்டிலும் ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "ஐலியோட தோட்டம்..." என்று இவர் ஆரம்பித்ததுமே மண்வெட்டியை எடுக்கப் போய்விட்டார்கள். பனியை யார் பக்கம் தள்ளுவது என்று இவரோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட தோய்வோகூட, முனகிக்கொண்டே பியோனியைச் சரிபாதியாகப் பிளந்து கொடுத்தார். இவ்வளவு நல்லவர்கள் நடுவில் இருந்துகொண்டு இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் போனோமே என்று வெய்க்கோவுக்கு வெட்கமாக இருந்தது.

சுவரில் மாட்டியிருந்த பழைய தோட்டத்துப் போட்டோவைக் கழற்றி வைத்துக்கொண்டு, எது எங்கே இருந்ததோ அது அங்கேயே வருமாறு நட்டார். மூன்று வாரம் தண்ணீரும் கையுமாக அலைந்தார்.

திருநாளன்று வழக்கப்படி வாசலில் பிர்ச் மரக் கிளைகளைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். மகளின் காரிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கிய ஐலி, வீட்டுக்குள் போகாமல் நேரே பாத்திக்குத்தான் வந்தாள்.

மஞ்சளில் ஆறு பூ, நீலத்தில் நாலைந்து. எல்லாமே ஒரு சாண் உயரம்தான். பியோனியில் ஒரே ஒரு மொட்டு. ஐலி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள்.

"இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி. அதான் எல்லாம் குட்டையா..." வெய்க்கோ கண்ணாடி முன்னால் பத்துத் தடவை ஒத்திகை பார்த்த பொய் அது. பாதியில் நின்றுவிட்டது.

"பனியை வாரிட்டியா?" என்றாள் ஐலி.

அவர் தலை குனிந்தது. "எல்லாம் செத்துப்போச்சு ஐலி. இது ஒண்ணுகூட உன்னோடது இல்லை. ஏழு வீட்டுல கேட்டு வாங்கினேன்."

ஐலி ஊன்றுகோலை வேலியில் சாய்த்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அத்தனையும் என்னோடதுதான். எந்தச் செடி வந்தாலும் பாதியை முதல்ல அக்கம்பக்கத்துல நட்டுட்டுத்தான் மீதியை இங்க நடுவேன், நம்ம கல்யாணமான முதல் குளிர்காலத்துலேருந்து."

"ஏன், அப்ப என்ன ஆச்சு?"

"நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப நீ ஆசை ஆசையா இந்தப் பாத்திப் பனியை வாரிச் சுத்தம் பண்ணி வச்சிருந்தே, அம்மா குடுத்த பியோனி செத்துப்போச்சு. பனிக்காலம் முடிஞ்சதும் அம்மாகிட்ட இருந்த மறுபாதியைக் கொண்டுவந்து உனக்குத் தெரியாம ராத்திரியோட ராத்திரியா நட்டுட்டேன்."

வெய்க்கோ தலையை நிமிர்த்தினார். "அன்னைக்கே பனியை வாராதேன்னு காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, அதைக் கொன்னது நீதான்னு உனக்குத் தெரிஞ்சுபோயிருக்குமே."